அம்மா விட்டுக்கொடுத்தது

இன்று காலை எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு வந்த பெண்ணின் நெற்றியில் சாம்பல் சிலுவை இருந்தது. விபூதிப் புதன் என்பதே எனக்கு மறந்திருந்தது. இதே ஊரில், ராயபுரத்து ஒற்றை அறையில் நாங்கள் கழித்த தவக்காலங்கள் நினைவுக்கு வந்தன.

தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். அப்பாவிடம் அடிவாங்கி, கோபித்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிய அண்ணன் ஊருக்கும் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. வேலை விட்டதும் அம்மா பஞ்சுத்தூசி ஒட்டிய சேலையோடு என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள். தெற்கிலிருந்து வரும் பஸ்ஸில் கடைசி ஆள் இறங்கும்வரை நிற்பாள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் மட்டும் போகமாட்டாள்.

“ஏனுங்கக்கா, நோம்புன்னா கறி மீனுதான உடுவாங்க?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

“கறியெல்லாம் நமக்கு என்னைக்கு இருந்துச்சு? பிரியமானதத்தான ஆண்டவருக்கு விடணும்,” என்றாள் அம்மா.

அந்த மாலைகளில் கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஈஸ்டர் பூசை முடிந்ததும் நேரே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவாள்.

நான் ஏழாவது படித்த வருடம், ஈஸ்டர் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

“போகலையாம்மா?”

“இல்லட்டி. போகாம இருக்கவும் பழகிப்போச்சு.”

மறுநாள் நான் தனியாகப் போய் நின்றேன். இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அண்ணனின் முகம் எனக்குச் சரியாக நினைவில் இல்லை என்று தெரிந்தது. இன்று அவன் எதிரே வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது.