விரிசலில் ஒட்டிய கண்ணாடி

தெருவில் அவளுக்குக் ‘கண்ணாடிக்காரி’ என்றுதான் பேர். சிங்காரித்துக்கொள்வதால் வந்த பேர் இல்லை. புகுந்த வீட்டுக்கு வந்த வாரமே, அடுக்களையின் பின்சுவரில் ஓடிய விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சுண்ணாம்பு வைத்து ஒட்டினாள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் பிறந்தது ஆற்றங்கரைக் கோட்டையடியில். வாழ வந்தது மலைக்கோட்டையடியில். அங்கே செங்கல், இங்கே கருங்கல். அங்கே தெரு ஆற்றுக்கு இறங்கும், இங்கே படிப்படியாக மேலே ஏறும். ஆனால் இரண்டு ஊரிலும் வீட்டுக்குப் பின்சுவர் என்று தனியாகக் கிடையாது. கோட்டை மதில்தான் பின்சுவர். அங்கே ஒரு மழையில் மதில் சரிந்தது. சாப்பிட உட்கார்ந்த சித்தி குடும்பம் எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து மழை என்றாலே அவள் கண் சுவருக்குத்தான் போகும்.

வருகிறவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கும் கணவனுக்கோ பெருமை தாங்காது.

“உங்க கோட்டை மணல்ல நின்னுச்சு, விழுந்துச்சு. எங்களுது பாறைடி! பீரங்கியே ஒண்ணும் பண்ணல.”

“எங்க ஊர்லயும் இப்படித்தான் பேசினாங்க.”

“நாங்க எல்லாம் இங்கதானே இத்தனை காலம் குப்பை கொட்டுறோம்?” என்று மாமியார் சிரிப்பார்.

பிள்ளையின் தொட்டில் அந்தச் சுவரோரம்தான். வேறு இடமில்லை. மழை பிடித்துக்கொண்டதும், காலையில் கண் விழித்தவுடன் கண்ணாடியைப் பார்ப்பாள். முழுசாக இருக்கும். போன உயிர் திரும்பி வரும்.

அன்று மழை வலுத்ததால் அவள் வேலை பார்க்கும் தையற்கடையை மதியமே மூடிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால், கணவன் முக்காலியில் ஏறி நிற்கிறான். கையில் சுண்ணாம்பு. காலடியில் உடைந்த கண்ணாடி.

“என்னங்க பண்றீங்க?”

திருதிருவென்று விழித்தான். “நீ பயப்படுவேன்னு... உடைஞ்சா மாத்திடுவேன்.”

“இதுக்கு முன்னாடியும் உடைஞ்சுதா?”

அவன் பார்வை பரணில் இருந்த தகர டப்பாவுக்குப் போனது. இறக்கித் திறந்தாள். டப்பா நிறைய உடைந்த துண்டுகள்.

சண்டை போடக்கூட நேரமில்லை. பிள்ளையை வாரி எடுத்தாள். “அத்தை, வெளிய வாங்க!” மாமியார் செருப்பைத் தேடினார். “செருப்பு கிடக்கட்டும், வாங்க!”

ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். “கண்ணாடிக்காரி ஆரம்பிச்சுட்டா” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பின்னாலேயே ஓடி வந்த கணவன் டப்பாவைத் திறந்து காட்டினான். அவர் சிரிப்பு நின்றது. தெருவே மழைக்குள் இறங்கி எதிர்ப்பக்கம் ஓடியது.

அடுக்களைப் பக்கம் கல்லோடு கல் உரசியது. அந்தச் சத்தத்தை அவள் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறாள். பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டாள்.