அடுப்படியில் திறந்த ஃபோர்க்

1. கூரைக்குப் போன ஸ்பிரிங்

நான் முதன்முதலாக ஒரு மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கைத் திறந்தபோது, உள்ளே இருந்த ஸ்பிரிங் மேலே பாய்ந்து தகரக் கூரையில் அடித்தது. கூரைமேல் நின்ற கோழி அலறிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் பறந்தது. ஆயில் என் முகத்திலும் சுவரிலும் தெறித்தது. என் வீட்டுக்காரர் அந்தோணி ஓடிப்போய் முதலில் மூடியது சோற்றுப் பானையை. அதன்பிறகுதான் என்னைப் பார்த்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். ஏதோ வெடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்ததும் இன்னும் சிரித்தோம்.

அது எழுபதுகளின் கடைசி. பாடாங் செராய்க்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய லயன் வீட்டில் குடியிருந்தோம். அந்தோணி ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். நான் வீட்டிலேயே தையல் தைத்தேன். அவர் வேலைக்குப் போவதற்கு ஒரு பழைய நூறு சிசி மோட்டார் இருந்தது. தோட்டத்துச் செம்மண் சாலையில் குழிக்குக் குழி அதன் முன்பக்கம் இடித்து இடித்து, வீட்டுக்கு வரும்போது அவருடைய மணிக்கட்டு வீங்கியிருக்கும். சாப்பாட்டுத் தட்டைக்கூட இடது கையால்தான் வாங்குவார்.

ஃபோர்க் என்றால் முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கால்கள். ஒவ்வொரு காலும் ஒரு குழாய்க்குள் ஓடும் இன்னொரு குழாய். உள்ளே நீள ஸ்பிரிங்கும் ஆயிலும் இருக்கும். குழியில் இறங்கினால் இடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். அந்த ஸ்பிரிங் துள்ளாமல் ஆயில் அடக்கும். ஆயில் வெளியே வராமல் காப்பது ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையம். எங்கள் மோட்டாரில் அந்த சீல் கிழிந்து, ஆயில் பாதிக்குமேல் ஒழுகிப்போயிருந்தது.

டவுனில் மோட்டார் வொர்க்‌ஷாப் வைத்திருந்தவர் ஆ செங். எல்லாரும் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்து ஆட்களிடம் பழகிப் பழகித் தமிழ் நன்றாகவே பேசுவார். வண்டியை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஃபோர்க் வேலை என்றாலே அவருடைய ஆட்களுக்குப் பிடிக்காது; கையெல்லாம் நாறும், எஞ்சின் வேலை மாதிரி பெயரும் கிடைக்காது. ஒரு வாரம் மோட்டார் இல்லாமல் அந்தோணி எப்படி வேலைக்குப் போவார்? ஆயில் சீலை மட்டும் கொடுங்கள், நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்றேன். என் தையல் மிஷினை நான்தான் பிரித்து மாட்டுவேன். இதுவும் ஒரு மிஷின்தானே என்ற தைரியம்.

தவுக்கே என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆயில் சீலை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, “கீழ ஒரு போல்ட்டு இருக்கு தங்கச்சி. நீ சுத்துனா உள்ள இருக்கிறதும் சேந்து சுத்தும். உள்ள புடிக்கணும்லா,” என்றார். எதைக் கொண்டு பிடிப்பது என்று அவர் சொல்லவில்லை. மேல் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. அதைத்தான் கூரை சொல்லிக் கொடுத்தது.

அந்த போல்ட் எங்களை நன்றாக அலைக்கழித்தது. அந்தோணி அடியில் திருக, உள்ளே இருந்த தண்டு கூடவே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மண்வெட்டிக்குப் போடுவதற்காகச் சீவி வைத்திருந்த மரப்பிடி ஒன்று மூலையில் கிடந்தது. அதன் நுனியைக் கூராக்கிக் குழாய்க்குள் விட்டு, நான் என் உடம்புப் பாரம் முழுவதையும் வைத்து அழுத்தினேன். நுனி தண்டின் வாயில் இறுகியது. அந்தோணி திருகினார். போல்ட் கழன்று வந்தது. அந்த நிமிடத்தில் வந்த சந்தோஷம், முதல் ரவிக்கை அளவாக அமைந்தபோதுகூட எனக்கு வந்ததில்லை.

2. நைலான் துணி

புது சீல் போட்டும் சில நாட்களில் திரும்ப ஒழுகியது. தவுக்கேயிடம் போய்ச் சொன்னால், சீல் என்றால் அப்படித்தான், ஆறு மாதம் வந்தால் பெரிது என்றார். எனக்கு அது சமாதானமாக இல்லை. திரும்பவும் பிரித்தேன். இந்த முறை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் திறந்தேன்.

உள்குழாய் வெள்ளி மாதிரி மின்னியது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. விரலால் தடவினாலும் தெரியவில்லை. தையல் கூடையில் நைலான் புடவை வெட்டு ஒன்று இருந்தது. நகத்தில் சின்னப் பிசிறு இருந்தால்கூட இழுத்துக்கொள்கிற துணி. அதைக் குழாயில் சுற்றி மேலும் கீழும் இழுத்தேன். ஓர் இடத்தில் துணி மாட்டியது. அங்கே ஊசி முனை அளவுக்குத் துருப் பள்ளம். புது சீலைக் கிழித்துக்கொண்டிருந்தது அதுதான்.

மெல்லிய உப்புத்தாளில் ஆயில் தொட்டு, நைலான் மாட்டாமல் வழுக்கும்வரை தேய்த்தேன். பிறகு சீல் போட்டேன். ஒழுகவில்லை. அடுத்த மழைக்காலத்திலும் ஒழுகவில்லை. அந்தோணியின் மணிக்கட்டு வீக்கம் வற்றியது.

இதைக் கேள்விப்பட்ட தவுக்கே ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் வேறு யாருடைய மோட்டாரிலோ கழற்றிய ஃபோர்க் கால்கள். என் ஆளுங்களுக்கு இதில் பொறுமை இல்லை, நீயே செய்கிறாயா என்று கேட்டார். அப்படி ஆரம்பித்ததுதான் என் தொழில். காலையில் தையல், மத்தியானத்துக்குமேல் ஃபோர்க். அடுப்படியின் ஒரு பக்கம் சமையல், இன்னொரு பக்கம் மண்ணெண்ணெய்த் தட்டு. இரண்டு காலிலும் ஆயில் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அளப்பதற்கு என் மகள் குடித்து முடித்த பால் புட்டியை எடுத்துக்கொண்டேன். அதில் அவுன்ஸ் கோடு அச்சாகப் போட்டிருந்தது. புட்டியைப் பார்த்துவிட்டு, “மோட்டாருக்கும் நீதான் பாலு குடுக்கிறியா?” என்று அந்தோணி கேட்டார். தோட்டம் முழுக்க அது பரவிவிட்டது. கொஞ்ச நாளில் எனக்கு ‘ஃபோர்க் அக்கா’ என்று பெயரும் வந்துவிட்டது.

3. சிவலிங்கம் கேட்ட கேள்வி

எண்பதுகள் தொடங்கியபோது எங்கள் பக்கம் ஸ்கிராம்பிளிங் பைத்தியம் பிடித்தது. மட்காட்டையும் விளக்கையும் கழற்றிவிட்டு, சேற்றிலும் மண் மேட்டிலும் மோட்டாரைப் பறக்கவிடும் பந்தயம். எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை செய்த சிவலிங்கம் அதில் கெட்டிக்காரர். தவுக்கேயும் ஒரு பழைய மோட்டாரைத் தயார்செய்து அவரை ஓட்டவிட்டிருந்தார். குருண் பக்கம் ஒரு பெரிய பந்தயம் வரவிருந்தது. ஜித்ராவிலிருந்தும் அலோர் ஸ்டாரிலிருந்தும் ஆட்கள் வருவதாகப் பேச்சு.

பந்தயத்துக்கு முந்திய வாரம் பயிற்சியில் சிவலிங்கம் விழுந்தார். தோட்டத்துத் திடலில் இருந்த மண் மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது முன் சக்கரம் திரும்பிக்கொண்டதாம். தோளில் நல்ல அடி. எலும்பு முறியவில்லை. ஆனால் மனிதர் பயந்துபோனார். இனிமேல் மோட்டாரில் ஏறக்கூடாது என்று அவருடைய மனைவி சொல்லிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன்.

தவுக்கே ஃபோர்க்கைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்தார். பிரித்து, இரண்டு ஸ்பிரிங்கையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். ஒன்று மற்றதைவிட ஒரு விரல் அகலம் குட்டை. எப்போதோ யாரோ வேறு மோட்டாரின் ஸ்பிரிங்கைப் போட்டிருக்க வேண்டும். குதித்து இறங்கும்போது ஒரு கால் முதலில் அமுங்கும், சக்கரம் திரும்பும். சிவலிங்கம் விழுந்ததில் அவருடைய தப்பு எதுவும் இல்லை.

தவுக்கேயின் பழைய சாமான் கொட்டகையில் அரை நாள் தேடி ஒரே மாதிரி ஜோடி எடுத்தேன். அதன்மேல் இரும்புக் குழாயில் ஒரு துண்டு வெட்டி வைத்து ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினேன். கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றினேன். சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் மாட்டி, வண்டியைத் தோட்டத்துத் திடலுக்கு உருட்டிக்கொண்டு போனோம்.

சிவலிங்கம் அங்கே நின்றார். தோளில் கட்டு இல்லை, ஆனால் முகம் சரியில்லை. வண்டியைத் தொடவே இல்லை. நான் என்ன செய்திருக்கிறேன் என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். ஏறவில்லை. அந்தோணி சொல்லிப் பார்த்தார். தவுக்கேயும் சொல்லிப் பார்த்தார். திடலில் பந்து விளையாட வந்தவர்கள் எல்லாம் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

கடைசியில் சிவலிங்கம் என்னைப் பார்த்துக் கேட்டார். “கோவிச்சுக்காதீங்க அண்ணி. நீங்க செஞ்ச வேலைய நம்பி நான் அந்த மேட்டுல குதிக்கணும். நீங்களே குதிப்பீங்களா?”

அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. பயந்த ஆள் நியாயமாகக் கேட்ட கேள்வி. மோட்டார் ஓட்டத் தெரியும். அந்தோணி இதே திடலில்தான் எனக்குப் பழக்கியிருந்தார். ஆனால் மேட்டில் ஏறிக் குதித்தது கிடையாது. மற்றவர்களுக்கு நான் செய்து கொடுத்த ஃபோர்க்குகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்றிலாவது நான் ஏறிப் பார்த்ததில்லை.

“இருங்க தம்பி, வரேன்,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

4. மண் மேடு

அந்தோணியின் காக்கிப் பேன்ட்டைப் போட்டு இடுப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டேன். முடியைத் துண்டால் இறுக்கிக் கட்டினேன். திரும்பி வந்தபோது திடலில் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயம்.

அந்தோணி கிட்டே வந்து ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, வாரைப் பூட்டினார். வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். அவர், “மேட்டுல ஏறும்போது எழுந்து நில்லு. உக்காந்தா தூக்கிப் போட்டுரும்,” என்றார். அவ்வளவுதான்.

மேடு ஆள் உயரம்கூட இருக்காது. வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் மலை மாதிரி தெரிந்தது. கியர் போட்டேன். நேராக விட்டேன். எழுந்து நின்றேன். முன் சக்கரம் மண்ணை விட்டது தெரிந்தது. அடுத்தது ஒரே அமைதி, எஞ்சின் சத்தம்கூடக் காதில் விழவில்லை. பிறகு இறங்கினேன். ஃபோர்க் அடிவரைக்கும் அமுங்கி, மெத்தையில் கை வைத்து எடுத்ததுபோல மெல்ல மேலே வந்தது. இடி இல்லை. சக்கரம் ஒரு நூல்கூடத் திரும்பவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தில் பிரேக் பிடிக்க மறந்துவிட்டேன். வண்டி திடலைத் தாண்டி, லாலாங் புல் புதருக்குள் என்னைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். புல்லுக்குள் மல்லாந்து கிடந்து நான் சிரிப்பதைப் பார்த்தபிறகுதான் அவர்களும் சிரித்தார்கள். தவுக்கே என்னை விட்டுவிட்டு முதலில் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். சிவலிங்கம் என்னைத் தூக்கிவிட்டார். என் முழங்கை உரிந்திருந்தது. அதைப் பார்த்தார், ஃபோர்க்கைப் பார்த்தார். பிறகு என் தலையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். இருட்டும்வரை அந்த மேட்டில் குதித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்ததும் வாயில் ஒன்றும் போடாமல் குருணுக்குப் போனோம். தடம் முழுவதும் சேறு. அலோர் ஸ்டாரிலிருந்து வந்தவர்களின் மோட்டார்கள் புதிதாக, உயரமாக இருந்தன. நம்முடையது அவற்றுக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டி மாதிரி தெரிந்தது. சிவலிங்கம் முதல் சுற்றில் பின்தங்கினார். ஆனால் ஒவ்வொரு மேட்டிலும் மற்றவர்கள் வேகத்தைக் குறைக்க, இவர் குறைக்கவில்லை. இறங்கும் இடத்தில் வண்டி நேராக நின்றது. ஒவ்வொரு மேட்டிலும் ஒருவரைத் தாண்டினார். ஏறக்கூடாது என்று சொல்லியிருந்த அவருடைய மனைவியும் வந்து என் கையைப் பிடித்திருந்தார். சிவலிங்கம் ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் என் விரல்கள் நொறுங்கின. கடைசியில் இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்தவரை யாரும் கவனிக்கவில்லை, எங்கள் தோட்டத்து ஆட்கள் போட்ட சத்தத்தில்.

சேறு வழிய வந்த சிவலிங்கம் கோப்பையை என்னிடம் நீட்டினார். ஓட்டியது நீங்கள், எனக்கு எதற்கு என்று மறுத்தேன். “மொதல்ல குதிச்சது நீங்கதான அண்ணி,” என்றார். அப்போதுதான் என் கண் கலங்கியது. கோப்பையை அவருடைய மனைவியின் கையில் கொடுத்தேன்.

5. பிறகு

அந்த மாதமே ஜித்ராவிலிருந்து ஒருவர் தன் ஃபோர்க்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அடுத்த சில வருடங்களில் எங்கள் அடுப்படி போதவில்லை. பின்பக்கம் தகரம் இறக்கித் தனிக் கொட்டகை போட்டோம். தையலை விட்டுவிட்டேன். நைலான் வெட்டுகளை மட்டும் விடவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நான் கை வைத்த எந்த மோட்டாரையும் திடலுக்கு ஓட்டிப்போய், அந்த மேட்டில் ஒரு தடவை ஏறி இறங்காமல் சொந்தக்காரரிடம் கொடுத்ததில்லை. ஃபோர்க் காலையும் ஸ்பிரிங்கையும் மட்டும் தனியாகக் கொண்டுவந்தவர்களிடம், அடுத்த முறை வண்டியோடு வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். சாயங்காலத்தில் நான் குதிப்பதைப் பார்க்கவே பெண்கள் திடலுக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்களில் சிலர் தாங்களும் மோட்டார் ஓட்டப் பழகி, பிறகு அதிலேயே வேலைக்குப் போனார்கள்.

இப்போது கருவிகள் வேறு, ஆயில் வேறு. எல்லாம் டப்பாவில் அளவோடு வருகிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. நீங்கள் திறந்து மூடிய வண்டியில் முதலில் நீங்களே ஏறுங்கள். ஏறப் பயமாக இருந்தால், திரும்பவும் திறங்கள்.