முறிந்த கையும் என் சீமெந்தும்

பிள்ளைகளே, நான் எதையாவது திருத்த எடுத்தால் அம்மா ஏன் "சிலுவையை நினைச்சுக்கொண்டு செய்யுங்கோ" என்று சொல்கிறார் என்று கேட்டீர்கள். அந்தக் கதை இதுதான்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது, மெரிலேண்ட்ஸ் ஊருக்கு அப்பால் ஒரு தேவாலயத்தில் புல் வெட்டினேன். எங்களுக்குத் தற்காலிக விசா. அதைப் புதுப்பிக்க அந்தத் தேவாலயத்தார் தரும் வேலைக் கடிதத்தைத்தான் நம்பியிருந்தோம்.

அங்கே கல்லறைகளுக்கு நடுவில் ஆள் உயரத்தில் ஒரு கற்சிலுவை. அதன் இடது கை பாதியில் முறிந்திருந்தது. எங்கள் ஆட்கள் பின்னமான சிலையைக் கும்பிடுவதில்லை, கடலில் விட்டுவிடுவார்கள். சாமி இருக்கிற இடத்தில் இப்படி விட்டிருக்கிறார்களே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை தலை முழுகி, மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடாமல் போய், ஒருவரையும் கேட்காமல் சீமெந்து குழைத்து மற்றக் கையின் அளவுக்கு ஒரு கை வைத்துவிட்டேன். நன்றாகத்தான் வந்தது.

மறுநாள் ஆராதனைக்கு வந்த ஒரு வயதான வேல்ஸ்காரி அதைக் கண்டதும் கதிரை கேட்டு உட்கார்ந்துவிட்டாராம். பாதிரியார் என்னை அழைத்தார். அந்த மனுசியும் பக்கத்தில் இருந்தார். வேல்ஸில் அவருடைய ஊர்த் தேவாலய முற்றத்தில் பல நூறு வருடப் பழைய சிலுவை ஒன்று நிற்கிறதாம். மதச் சண்டைக் காலத்தில் யாரோ அதன் கையை அடித்து முறித்தார்களாம். கல்வேலை செய்த அவருடைய கணவர், இங்கே குடிவந்த பிறகு, அதைப் போலவே முறிந்த கையோடு இந்தச் சிலுவையைச் செதுக்கிக் கொடுத்துவிட்டு இறந்துபோனார்.

"முழுக் கையை ஒரு வாரத்தில் செதுக்கினார். அந்த முறிவுக்கு மூன்று மாதம் எடுத்தார்," என்றார் வேல்ஸ்காரி.

பாதிரியார் முடிவை அவரிடமே விட்டார். கல் நோகாமல் சீமெந்தை எடுத்தால் நான் வேலையில் இருக்கலாம் என்றார் அந்த மனுசி.

"கோயிலில ஒரு தேங்காய் ஒழுங்கா உடைக்கத் தெரியாது. சிலுவையை ஒட்டப் போனனீங்களோ?" என்று அம்மா கேட்டார். கேட்டுவிட்டு, வீட்டிலிருந்த பழைய பல்தூரிகைகளைத் தேடித் தந்தார்.

நான்கு சனிக்கிழமைகள் எடுத்தன. சீமெந்து பெயரப் பெயர, அந்த மனிதரின் உளி போன வழி தெரிந்தது. உடைவு என்று நான் நினைத்த இடம் முழுக்க ஒருவர் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. உடைந்ததை உடைந்தபடியே வைத்து மதிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

கடைசி நாள் அந்த மனுசி விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். விசாவுக்கான கடிதமும் கிடைத்தது. ஒரு கீறலுக்குள் மட்டும் நெல்மணி அளவு சீமெந்து இருந்துவிட்டது. தோண்டினால் கல் பெயரும். மறைக்க மனம் வராமல் அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். தன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்.