சுவரோர மனோரஞ்சிதம்

படப்பையில் நர்சரி வைத்திருக்கிறேன். ஒரகடம் பக்கம் எந்தக் கம்பெனி புதிதாக வந்தாலும் கொரியன் புல் கேட்டு, வெள்ளைக் கூழாங்கல் கேட்டு என்னிடம் ஆள் வரும். நானும் முகம் சுளிக்காமல் கொடுப்பேன், பிழைப்பு நடக்க வேண்டுமே. அதனால்தான், விரிவாக்கத்துக்கு வாங்கிய நிலத்தில் ஒரு பழைய பங்களாத் தோட்டம் இருக்கிறது, அதை முன்பு இருந்த மாதிரியே ஆக்கித் தர முடியுமா என்று ஒரு கம்பெனியில் கேட்டபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பங்களா எப்போதோ இடிந்துவிட்டது. பட்டணத்துப் பணக்காரர் ஒருவர் ஓய்வுக்கு வந்து தங்கக் கட்டியது என்றார்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்த பிறகு செங்கல் பதித்த நடைபாதை, வட்டப் பாத்திகள், கருங்கல் தொட்டி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அந்த நாட்களில் வீட்டுக்குப் போகவே மனம் வராது. ஆனால் செடி என்று பார்த்தால் எதுவும் மிஞ்சவில்லை. நந்தியாவட்டை, பவளமல்லி எல்லாம் என் நர்சரிக் கன்றுகள்தான். அந்தக் காலத்திலிருந்து உயிரோடு நின்றது தெற்குச் சுவரோரம் ஒரு மனோரஞ்சிதம் மட்டும். கொடியென்றும் சொல்ல முடியாமல் மரமென்றும் சொல்ல முடியாமல், இடிந்த சுவரின் மேல் சாய்ந்துகொண்டு நின்றது.

கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஹெல்மெட்டோடு பிறந்தவரோ என்று எனக்குச் சந்தேகம். அவர் சட்டையைத்தான் அந்தச் செடியின் கொக்கி முள் பிடித்து இழுத்துக் கிழித்தது.

"மேடம், இன்னா புதரு இது? பாம்பு வந்து தங்கிடும். எடுத்துட்டு போகன்வில்லா வச்சிடுங்க."

"போகன்வில்லாவுல முள்ளு இல்லையா சார்?"

"அதுல பூவாவது கண்ணுக்குத் தெரியும். இதுல ஒண்ணத்தையும் காணமே. சனிக்கிழமை ரவுண்ட்ஸ் வரேன். பூ காட்டுங்க, விட்டுடறேன். இல்லைன்னா எடுத்துடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஒரு செடியும் போய்விட்டால் அப்புறம் அது பழைய தோட்டமா? என் நர்சரிக்குக் கருங்கல் தொட்டி கட்டிய கதைதான்.

அவரையும் குறை சொல்ல முடியாது. மனோரஞ்சிதப் பூ முதலில் இலையோடு இலையாகப் பச்சையாகத் தொங்கும், வாசனையும் இருக்காது. மஞ்சளாகப் பழுத்தால்தான் மணம். என்ன பழத்தை நினைத்துக்கொண்டு முகர்கிறோமோ அந்தப் பழமாக மணக்கும் என்பார்கள். பச்சைப் பூக்கள் நிறையவே இருந்தன. மத்தியானம் வெளிறத் தொடங்கியதைப் பார்த்து வைத்துவிட்டுப் போவேன், மறுநாள் காலையில் அது இருக்காது.

"அணிலு தின்னுட்டுப் பூடுதுக்கா," என்றாள் என்னோடு வேலை செய்யும் பெண்.

"அணிலு காம்பைக்கூட இவ்ளோ சுத்தமா கிள்ளுமா?"

அன்று சாயங்காலம் கிளம்பாமல் அங்கேயே நின்றேன். ஜெனரல் ஷிப்ட் விட்டு, சுவருக்கு வெளியே ஐந்தரை மணி பஸ்ஸுக்கு ஆட்கள் சேரும் நேரம். சுவர் இடிந்திருந்த இடத்தின் வழியாக ஒரு கை உள்ளே வந்தது. முள்ளில் மாட்டாமல் கிளைகளுக்குள் நுழைந்து, சரியாக ஒரு மஞ்சள் பூவைக் கிள்ளியது. வெகுநாள் பழகிய கை.

"யாரும்மா அது?"

கை அப்படியே நின்றது. எட்டிப் பார்த்தேன். நீலச் சீருடையில் ஒரு பெண், அவள் பின்னால் இன்னும் சிலர். தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள், கம்பெனி ஹாஸ்டலில் இருப்பவர்கள்.

"கம்பெனில சொல்லிராதீங்கக்கா. வேலை பாக்குற லைன்ல தலையில பூ வைக்க விடமாட்டாங்க, தொப்பிதான். இதுன்னா டிபன் டப்பாக்குள்ள போட்டுக்கிடுவோம். ரூமுக்குப் போயித் திறந்தா அப்படி மணக்கும்."

"என்ன பழம் மணக்குது?"

"எனக்கு மாம்பழம். இவ பலான்னு சாதிக்கா."

கோபப்படத்தான் போனேன், சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை வரை கை வைக்காமல் இருந்தால் செடி பிழைக்கும், இல்லாவிட்டால் மாம்பழமும் இல்லை பலாவும் இல்லை. அந்தப் பெண் கையிலிருந்த பூவையும் என்னிடம் நீட்டினாள். நீயே வைத்துக்கொள் என்றேன்.

சனிக்கிழமை ஆபீசர் வந்தபோது மஞ்சள் பூக்கள் கொத்தாகத் தொங்கின. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முகர்ந்தார். முகம் மாறியது.

"மேடம், இந்த வாசனை நம்ம அஞ்சரை பஸ்ல டெய்லி வருது. நானும் அதுலதான் போறேன். யாரோ சென்ட் அடிச்சிக்கினு வராங்கன்னு நெனச்சேன்."

எனக்குத் திக்கென்றது. செடியைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளைகளைக் காட்டிக் கொடுத்துவிட்டேனே! அவர் கிளைகளைப் பார்த்தார், பிறகு சுவரின் இடிந்த பகுதியைப் பார்த்தார்.

"இந்தச் செவுத்த எப்போ கட்டறீங்க?"

"அடுத்த வாரம் சார்."

"இந்த எடத்துல மட்டும் ஒரு கம்பிக் கேட் வச்சிடுங்க. பூப் பறிக்கறவங்க கதவு தொறந்து உள்ள வரட்டும். ஒடஞ்ச செவுத்துல கைய உட்டா சேஃப்டி இல்ல."

பழைய தோட்டத்தில் அங்கே வாசல் இருந்ததில்லை. இருந்தாலும் வைத்தேன், மனநிறைவோடு வைத்தேன்.

திறப்பு விழா ஒரு சாயங்காலம் நடந்தது. விருந்தினர்கள் நடைபாதையையும் தொட்டியையும் பாராட்டினார்கள். இந்தத் தோட்டத்தின் ஒரே பழைய செடி என்று நான் பெருமையாகக் காட்டிய இடத்தில் ஒரு பெரிய மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். ஒரு மஞ்சள் பூகூட இல்லை.

"இது பூக்குமா, பூக்காதா?"

பின்னாலிருந்து ஆபீசர் சொன்னார்.

"பூக்கும் சார். அஞ்சரை பஸ்ல பூடும்."