நீலக் கனகாம்பரம்

வெள்ளைக்காரர்கள் காரைக்காலை விட்டுக் கப்பலேறிய வருடம், என் வீட்டுக்காரருடைய ஆபீஸ் துரைசாணி தன் வர்ணப்பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் மனுஷன் பிரஷும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். எனக்கு எதுவுமே பிடிக்காத நேரம் அது. ஏழாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். எடுத்தால் நான் அழுவேனாம். எடுக்காததற்குத்தான் நான் அழுதேன், அது அவர்களுக்கு எங்கே தெரிந்தது!

வரிச்சிக்குடியிலிருந்து என் அம்மா கனகாம்பரம் கொடுத்தனுப்பியிருந்தாள். தொடுத்துத் தலையில் வைக்க மனசு வரவில்லை. பித்தளைக் கிண்ணத்தில் கொட்டி ஜன்னலோரம் வைத்துவிட்டேன். அதைப் பார்த்துத்தான் அவர் வரைந்தார். வரைந்தாரே, நிறமாவது ஒழுங்காக அடித்தாரா? பூவெல்லாம் நீலம், கிண்ணம் சாம்பல். கிண்ணத்துக்கு வெளியே விழுந்து கிடந்த ஒரு பூ மட்டும் செக்கச் செவேலென்று இருந்தது. நாலு நாள் கிடந்தாலும் நிறம் மாறாத பூவை இப்படிப் பண்ணிவிட்டீர்களே என்று சண்டைக்குப் போனேன்.

“நம்ம வீடு இப்ப இந்தக் கலர்லதான இருக்கு” என்றார்.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். மாமியாரோ, விளக்கேற்றுகிற வீட்டில் இப்படியொரு அழுமூஞ்சிப் பூவா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல், அதற்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மாமியார் சுவரிலிருந்த சாமி படங்களையும் மாமனார் படத்தையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். வந்தவள் பூப்படத்துக்கும் ஒரு பொட்டு வைத்தாள். கண்ணாடி போட்டு மாட்டியிருந்தால் ஒன்று சாமி, இல்லாவிட்டால் செத்தவர்கள். அந்தக் கூடத்தின் வழக்கம் அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாள் கழித்து வந்த சிரிப்பு.

“அத்தே, அது சாமி இல்லீங்க. வெறும் பூவு” என்றேன்.

அவள் திரும்பவில்லை. வழிந்த சந்தனத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

“தெரியும்டி. நம்ம புள்ளைக்கு வேற படம் ஏது?”

பிள்ளை என்ற சொல் அந்த வீட்டில் மறுபடி கேட்டது அன்றைக்குத்தான். நான் அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அழாதே என்று அவள் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.