குல்சார் அக்காவின் அஞ்சு கால் குதிரை

பனியன் கம்பெனியில் நான் செக்கிங். பீஸைத் திருப்பிப் போட்டு, ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். சரி பண்ண முடிந்தால் ஆல்டர், முடியாவிட்டால் ரிஜெக்ட். குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளமும் கொடுத்தால் யாருக்குத்தான் வாய் நீளாது? என் வீட்டுக்காரர் பாவம்.

பக்கத்து வீடு குல்சார் பேகம் அக்கா. புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு, கம்பெனிகள் கழித்துப்போட்ட மூட்டைகளை வாங்கி வந்து வீட்டு முன்னறையிலேயே செகண்ட்ஸ் கடை போட்டவர். குரல் மைக் செட்தான். ஓட்டை இருக்கிறது என்று யாராவது முகம் சுளித்தால் விடமாட்டார். "ஏனுங்க, பனியன்ல ஓட்டை இருந்தா காத்து வரும். உங்க பாக்கெட்ல இருக்கற ஓட்டையில என்னங்க வரும்?"

தொண்ணூறுகளில் ஒரு வருடம் ஊரில் மதக் கலவரம். ஒரு சாயங்காலம் அது எங்கள் வீதிக்கும் வந்தது. கடையை உடைத்தது வெளியூர்க் கூட்டம். அதைச் சொல்வதில் எங்களுக்கு ஒரு பெருமை வேறு. உடைத்த பிறகு உள்ளே புகுந்து அள்ளியது யார் என்று மட்டும் எவரும் வாயைத் திறக்கவில்லை. அக்கா பின்பக்கக் கக்கூஸில் மூன்று மணி நேரம் ஒளிந்து கிடந்து உயிர் பிழைத்தார். அதற்கு முன்னால் அவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. எந்த வீடு என்று கடைசியில் சொல்கிறேன். இப்போது வாய் வரவில்லை.

வெள்ளகோவிலிலிருந்து அக்காவின் அண்ணன் முஸ்தபா வந்து ஒரே பிடியாக நின்றார். "போதும்மா இந்த வீதி. அடுத்த வெள்ளிக்கிழமை டெம்போ கொண்டாறேன், எங்கூட வந்துரு." அக்காவின் மைக் செட் அணைந்துவிட்டது. அவர் போய்விட்டால் என் பக்கத்து வீடு இருண்டு கிடக்கும்.

அப்புறம்தான் குதிரை கிளம்பியது. கொள்ளை போன மூட்டை, வெளிநாட்டு ஆர்டருக்கு நெஞ்சில் குதிரைப் படம் அடித்தது. பிரிண்டிங்கில் எவனோ தூங்கி வழிந்ததில் படம் நகர்ந்து, குதிரைக்கு அஞ்சு கால் ஆகிவிட்டது. அதனால்தான் லாட்டே ரிஜெக்ட் ஆகி அக்காவிடம் வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, டீக்கடையில் ஒரு குதிரை, குழாயடியில் இரண்டு குதிரை, ரேஷன் கடை வரிசையில் ஏழு. உலகத்தில் வேறெங்கும் இல்லாத குதிரை என்று ஒரு மடையனுக்கும் உறைக்கவில்லை!

விசாரிக்க வந்த போலீஸ்காரர், "அடையாளம் ஏதாச்சும் சொல்ல முடியுமாம்மா?" என்று கேட்டார். அக்கா வாசலைக் காட்டினார். நாலு குதிரை போய்க்கொண்டிருந்தது.

"கேஸ் எழுதிரலாமா?"

"வேண்டாங்க. வீதியவே உள்ள வச்சுட்டு நான் யாரோட குடியிருக்கறது? எனக்கு அவங்க வாயால கேக்கோணும்."

அன்று சாயங்காலம் நடுவீதியில் நின்று மைக் செட்டைத் திறந்தார். "அன்னிக்கு எனக்குத் தப்புப் பண்ணுனவங்க அத்தன பேரும் வெள்ளிக்கிழமைக்குள்ள என்ற வாசலுக்கு வரோணும். குதிரை எடுத்திருந்தா அதைப் போட்டுக்கிட்டு வாங்க. என்ன பண்ணுனீங்கன்னு நாலு பேர் கேக்கச் சொல்லோணும். அஞ்சாவது கால நான் சும்மாவே ஒட்டுப் போட்டு மறைச்சுத் தாறேன். ஒருத்தர் வராட்டியும் நான் டெம்போ ஏறிருவேன்."

தையல் மிஷினை வாசலில் போட்டார். ஒட்டுப் போடுகிற இடத்தைக் காட்ட, நான் ஸ்டிக்கர் சுருளோடு ஜட்ஜம்மா மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் டீக்கடைக் கந்தவேல், ஆறு பனியனோடு. "கூட்டம் ஓடுச்சுங்க, நானும் ஓடுனேன். கைக்கு எப்படி வந்துச்சுன்னே தெரியலீங்க."

"ஆறு பனியனா?" என்றேன் நான்.

"ரெண்டு கைங்களே."

அடுத்து குப்பாயி. சேலைக்கு மேலேயே குதிரை. "மழையில நனைஞ்சிருமேன்னு எடுத்து வச்சேன் சாமி."

"அன்னிக்கு மழையே இல்லீங்களே," என்றார் அக்கா.

"வந்திருந்தா?"

வெள்ளியங்கிரிக்குப் பனியன் தொப்புளோடு நின்றது. திருடினேன் என்று தலைகுனிந்து சொல்லி அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "அக்கா, ரொம்ப டைட்டுங்க. பெரிய சைஸ் இருந்தா மாத்திக் குடுக்கறீங்களா?"

அக்கா சிரித்தார். அந்த வாரம் முழுக்க எங்கே போயிருந்ததோ அந்தச் சிரிப்பு, மிஷின் மேல் கவிழ்ந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார். வெள்ளியங்கிரி பயந்துபோய், "இதே போதுங்க, இதே போதுங்க" என்று பனியனைக் கீழே இழுத்தான்.

வியாழக்கிழமைக்குள் வீதி முழுக்க வந்து போய்விட்டது. ஒட்டுப் போட்ட பிறகு பார்த்தால் ஒவ்வொரு குதிரையும் கோவணம் கட்டியிருந்தது. அதையும் போட்டுக்கொண்டுதான் திரிந்தார்கள். நான் ஒருத்தரையும் விடாமல் நக்கலடித்தேன்.

வெள்ளிக்கிழமை டெம்போ வந்து நின்றது. முஸ்தபா மூட்டை ஏற்ற ஆரம்பித்தார். அக்கா மிஷினை விட்டு எழவில்லை.

"இன்னும் ஒரு ஆள் வரலை சாரதா," என்றார், என்னைப் பார்க்காமல்.

"நான் ஒரு பனியன்கூட எடுக்கலீங்க்கா," என்றேன்.

"தெரியும் கண்ணு."

பக்கத்திலிருந்து எழுந்து, எல்லாரும் நின்ற இடத்தில் போய் எதிரே நின்றேன். வீதியே பார்த்தது. "மூணு தடவை தட்டுனீங்க. 'சாரதா, நாந்தான்'னு சொன்னீங்க. கேட்டுச்சுங்க்கா. தாழ்ப்பாள் மேல கைய வச்சுக்கிட்டு நின்னேன். தொறக்கலை. பயந்துட்டேன்." சொல்லிவிட்டு, சுருளிலிருந்து ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டேன். "ரிஜெக்டுங்களா, அக்கா?"

அக்கா செக்கிங் டேபிளில் பீஸைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஆல்டர்," என்றார்.

"ஊட்டுத் தாழ்ப்பாளையே கழட்டிப் போட்டர்றேனுங்க்கா."

"கழட்டாத. வீதி பூராத் திருட்டுப் பசங்க." பிறகு திரும்பி, "அண்ணா, மூட்டைய இறக்குங்க," என்றார். முஸ்தபா தலையில் அடித்துக்கொண்டு இறக்கினார்.

பெரிய மனசு, மன்னித்துவிட்டார் என்று வீதியில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே என் கதவை மூன்று தடவை தட்டினார். ஓடிப்போய், தாழ்ப்பாளில் விரல் நசுங்கத் திறந்தேன். ஊறுகாய் கேட்டார். மறுநாள் தீப்பெட்டி. அதற்கடுத்த நாள் ஒன்றுமே கேட்கவில்லை.

"என்னங்க்கா வேணும்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. தொறக்கறயான்னு பாத்தேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வருடக்கணக்காகிறது. இன்னும் தினமும் தட்டுகிறார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நான் முதலில் கதவுக்குத்தான் ஓடுகிறேன்.