கணேசண்ணன் போட்ட ஒட்டுப்பால் முடிச்சு

கணேசண்ணன் போய்விட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்...

ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நான் ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு தூரத்துத் தோட்டங்களுக்குக் கிளம்பினால், லீவு போட்டுவிட்டுக் கூடவே வருவார். ஒன்பது வருஷம்.

பேக் அடுக்குவது அவர் பொறுப்பு. ஃபிலிம் ரோல் எல்லாம் பால்மா டின்னுக்குள், அடியில் ஈரம் இழுக்க வறுத்த அரிசி. கேமராவுக்கு மூன்று சொப்பிங் பேக். காலில் அட்டை ஏறாமல் தேய்க்க சவர்க்காரக் கட்டி.

எடுத்து முடித்த ரோலையும் நுனி வெளியே தெரியும்படிதான் சுற்றி எடுப்பேன், அது என் பழக்கம். புதுசும் பழசும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அதனால் எடுத்ததற்கு மட்டும் ஒட்டுப்பால் சுற்றி முடிச்சுப் போடுவார். மரத்தில் வெட்டின கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்குமே, அந்த ரப்பர் கீற்று.

அந்த நாற்றம் இருக்கிறதே... அய்யய்யோ! எஹலியகொட பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, பேக்கில் என்ன செத்துக் கிடக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான். "நம்ம மாத்தயா புடிச்ச போட்டோ" என்று என்னைக் காட்டி இவரும் சிங்களத்திலேயே சொல்ல, பஸ்ஸே சிரித்தது. எனக்கு எரிச்சல்.

பிறகு றக்வான ட்ரிப். ஒருநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நாங்கள் தங்கியிருந்த தோட்டத்து லயத்து வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, என்னைய ஒன்னு எடுங்க. நம்ம மூஞ்சி ஒன்னுகூட இல்லீங்களே."

எடுத்தேன். ரோலின் கடைசிப் படம். முடிச்சையும் அவரே போட்டு டின்னில் வைத்தார்.

மத்தியானம் மழை. டின்னைத் திறந்தால் குமட்டிக்கொண்டு வந்தது. அவர் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் பார்த்து எல்லா முடிச்சையும் அறுத்துப் பள்ளத்தில் எறிந்தேன். எது எந்த ரோல் என்று எனக்குத் தெரியாதா... பெரிய இவன் மாதிரி.

சாயந்தரம் புதுசு என்று நினைத்துக் கேமராவில் போட்டது அதே ரோல். கழுவிப் பார்த்தால் அவர் முகத்தின் மேல் கொழுந்து நிறுக்கும் தராசு. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை.

"லேப்ல கெடுத்துட்டாங்க அண்ணே" என்றேன். கூசாமல்.

"பரவால்லங்க தம்பி, அடுத்த வாட்டி எடுப்போம்."

அடுத்த வாட்டி மலை எடுத்தேன், மூடுபனி எடுத்தேன். அவர் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இன்று அவர் மகள் கால் பண்ணினாள். "சித்தப்பா, அப்பா படம் ஒன்னு அனுப்புங்க, பெட்டிக்கு முன்னாடி வைக்க. எங்க போன்ல உள்ளதெல்லாம் சொகமில்லாம படுத்துக் கெடக்குறதுங்க. ஒங்ககிட்ட நல்லது இருக்கும்ல?"

நெகட்டிவ் எல்லாவற்றையும் கொட்டித் தேடினேன். ஒன்றில் அவர் கை இருக்கிறது, கேமராவுக்குக் குடை பிடித்தபடி. அவ்வளவுதான்.

தயவுசெய்து இந்தப் பதிவுக்குக் கீழே "மாஸ்டர்", "என்ன கம்போசிஷன்" என்றெல்லாம் போடாதீர்கள். சீ... என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது. அந்த ஒட்டுப்பால் எவ்வளவோ தேவலை.

ஐடி கார்டில் இருக்கும் படத்தைப் பெரிசாக்கி வைத்திருக்கிறார்களாம்.

அண்ணே... லேப்ல கெடுக்கலண்ணே. நான்தான்.

போய்ட்டு வாங்க.